ஏழாவது துணி

கோழியே இல்லாத கூட்டுக்குப் பலராமன் தினமும் பொழுது சாய்ந்ததும் பலகை போட்டுக்கொண்டிருந்தான்.

குருவிநத்தத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரமே தனக்கொடி அதைப் பார்த்துவிட்டாள். கரும்பு வெட்டிவிட்டு வருவான், வேர்வைத் துண்டை வேலியில் வீசுவான், நேராகத் தோட்டத்துப் பக்கம் போவான். முருங்கை மரத்தடியில் இருந்த மண்கூட்டின் வாயில் பலகையைச் செருகி, அது நகராதபடி உடைந்த ஆட்டுக்கல்லை உருட்டி முட்டுக் கொடுப்பான். பிறகு திரும்பாமலே அடுப்படிப் பக்கம் குரல் கொடுப்பான்.

"எல்லாம் அடைஞ்சிட்டுதா?"

பதில் வராது. கொஞ்ச நேரம் நிற்பான். அப்புறம் கால் கழுவப் போவான்.

அது தன்னிடம் கேட்ட கேள்வி இல்லை என்று புரிய அவளுக்கு மூன்று நாள் ஆயிற்று. ஒன்பது வருஷம் அந்த அடுப்படியில் நின்று பதில் சொன்னவள் மூத்தாள் சின்னபொண்ணு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலையில் வாந்தியும் பேதியுமாகப் படுத்தவள் விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேர்ந்தாள். அவள் வளர்த்த கோழிகளைப் பலராமன் தெருவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். கூட்டை மட்டும் வைத்துக்கொண்டான். அவளுக்காக அவனே மண் மிதித்து எழுப்பிய கூடு அது. முப்பது கோழி அடையும். ஒரு ஆள் மண்டி போட்டு உள்ளே புகலாம்.

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் மயிரைப் பிடித்து உலுக்கலாம். சாணியைக் கரைத்து ஊற்றலாம். செத்தவளை என்ன செய்வது? தனக்கொடி விடியற்காலையில் நாற்றுப் பறிக்கப் போவாள், இடுப்பொடியத் திரும்பி வந்து சோறாக்குவாள், அவன் துணி துவைப்பாள். அவ்வளவும் செய்தாலும் ஊரில் இது சின்னபொண்ணு வீடுதான். தண்ணீர்த் துறையில்கூட அவளை "சின்னபொண்ணு வூட்டுக்கு வந்தவ" என்றுதான் சொன்னார்கள்.

தை மாதம் பாகூரிலிருந்து முட்டை வியாபாரி கலீலுல்லா வந்தார். சைக்கிளின் பின்னால் வைக்கோல் போட்ட கூடை. வேலியோரம் காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"சின்னபொண்ணு வூட்டுல இப்பக் கோழி கெடையாதா?"

"இது என் வூடு பாய்."

"இருக்கட்டும்மா, வாய்ப் பழக்கம். அந்தம்மா குடுக்கிற முட்டைன்னா புதுச்சேரியில தொரை வூட்டுக் குசினிக்காரன் கேட்டு வாங்குவான். மொறத்துல விரலால ரெண்டு தட்டு தட்டும், அவ்ளோதான். ஆத்தங்கரையில மேயிற கோழிகூட வுழுந்தடிச்சிகினு ஓடியாரும். அப்புடி ஒரு கை."

"எனக்கும் ரெண்டு கை இருக்குது."

கலீலுல்லா சிரித்தார். "இருக்குது, இருக்குது. முட்டை போட்டதும் சொல்லியனுப்பு, வந்து வாங்கிக்கிறேன்."

அன்று சோறு போடும்போது தனக்கொடி சொன்னாள். "நானும் கோழி வளக்கப் போறேன்."

பலராமன் கை சோற்றிலேயே நின்றது. "நமக்கு வேணாம்."

"நமக்கா, உனக்கா?"

அவன் தலை நிமிரவில்லை. நாலு கவளம் தின்ற பிறகு, "கூட்ட இடிச்சிடாத" என்று மட்டும் சொன்னான்.

தனக்கொடி பிறந்த வீட்டில் கோழி கிடையாது. அடுத்தவன் நிலத்து மேட்டில் குடிசை போட்டு, அவன் போகச் சொன்ன அன்றைக்குப் பெயர்த்துக்கொண்டு போன குடும்பம். கோழியை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அடுத்த வீட்டுத் தையலம்மாளிடம் போய் நின்றாள். தையலம்மாளுக்கும் ஏறக்குறைய அவள் வயசுதான், வாய் மட்டும் இரண்டு மடங்கு.

"உனக்கு எதுக்குடி கோழி? அதுக்குப் பொறுமை வேணும். உன் மூஞ்சியப் பாத்தா முட்டை உள்ளயே நின்னுடும்."

"குடுக்கிறியா இல்லியா?"

"அஞ்சி பொட்டையும் ஒரு சேவலும் தரேன். வாரத்துக்குத்தான். குஞ்சி பொரிச்சா பாதி எனக்கு. மொதல்ல போயிக் கூட்டச் சுத்தம் பண்ணு. எலிப் பொந்து இருந்தா கண்ணாடிச் சில்ல நுணுக்கி அடைச்சிப் பூசு. சாம்பலப் பரப்பு. வேப்பந்தழை போடு, பேன் அண்டாது."

அறுவடை இல்லாத ஒரு பகலில் தனக்கொடி துடைப்பமும் களைக்கொத்தும் எடுத்துக்கொண்டு கூட்டுக்குள் மண்டி போட்டுப் புகுந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே மண்சுவர் ஈரமாகச் சில்லிட்டது. இரண்டு வருஷத்து எச்சம் தூளாகிப் புழுதியோடு கிடந்தது. அதைச் சுரண்டிச் சுரண்டிப் பின்பக்கம் தள்ளிக்கொண்டே போனவள், மூலைக்குப் போனதும் கையை இழுத்துக்கொண்டாள். அங்கே கிடந்த எச்சம் பச்சையாக, விரலில் ஒட்டுகிற பதத்தில் இருந்தது. தெருக் கோழி எதுவோ பகலில் வந்து போயிருக்கும் என்று கையைச் சுவரில் தேய்த்தாள். தேய்த்த இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டது. சுவர் ஈரமாக இருந்தபோது பதிந்த கை. ஐந்து விரலும் தெளிவாக இருந்தன.

தனக்கொடி தன் கையை அதில் வைத்துப் பார்த்தாள். அவளுடைய விரல்கள் குட்டையாக நின்றுவிட்டன.

அதிலும் சின்னபொண்ணுதான் மேல்.

சாணியும் களிமண்ணும் குழைத்து அந்தக் கையின்மேல் இரண்டு தரம் பூசினாள். பிறகு, கோழிகள் உட்கார்ந்து அடையக் குறுக்கே மூங்கில் கழி கட்டினாள், சாம்பல் பரப்பினாள், உடைந்த சட்டியில் தண்ணீர் வைத்தாள். வெளியே வந்து மூச்சு விட்டபோது அவள் முந்தானையில் புகையிலை வாடை அடித்தது. அந்த வீட்டில் யாரும் புகையிலை போடுவதில்லை. முன்னே ஒருத்தி போட்டதாகக் கேள்வி.

மறுநாள் தையலம்மாள் கோழிகளைக் கால் கட்டித் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தா, புடி. இன்னிக்கே கால்ல துணி கட்டிடு. உன் பொடவையில கிழிச்சிக் கட்டணும். பச்சைன்னா என் கோழி, நீலம்னா கோடி வூட்டுது. பொம்பளை பொடவைய வெச்சித்தான் கோழி இன்னாருதுன்னு ஊரு சொல்லும். கோழியும் அதப் பாத்துத்தான் வூட்டுக்குத் திரும்புது."

தனக்கொடிக்கு இருந்தது இரண்டு புடவை. சீமையில் சண்டை நடந்த காலம், துணி கிடைக்காத காலம். கிழிக்க மனசு வரவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது பொய். பரண்மேல் மூங்கில் பெட்டியில், வேட்டியில் சுற்றிப் பலராமன் வைத்திருந்த சின்னபொண்ணுவின் அரக்குப் புடவை அவளுக்குத் தெரியும். அவன் அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டதை ஒருநாள் கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள்.

பெட்டியை இறக்கினாள். புடவையின் ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தாள். சர்ரென்று கிழிந்த சத்தம் அவள் வயிற்றில் இனித்தது. கோழிப்பீயில் கிடக்கட்டும். ஆறு கோழிக்கு ஆறு துணி போதும். ஆசை அடங்காமல் ஏழாவதும் கிழித்தாள். ஆறைக் கட்டினாள். ஏழாவதைச் சுருட்டிப் பரணில் போட்டாள்.

அன்று பொழுது சாய்ந்தபோது கோழிகள் அடைய மறுத்தன. முறத்தை எடுத்து விரலால் தட்டினாள். இன்னும் தூரப் போயின. நொய்யை இறைத்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துரத்திக் களைத்து அவள் இடுப்பில் கை வைத்து நின்றபோது ஆறும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. ஒன்றன்பின் ஒன்றாக நடந்து கூட்டுக்குள் போயின, தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோல.

பலராமன் வந்தான். கடைசியாக நுழைந்த கோழியைப் பிடித்து, காலில் இருந்த துணியைக் கட்டைவிரலால் தடவினான். திட்டுவான், அடிப்பான், அழுவான் என்று அவள் காத்திருந்தாள். அதற்காகத்தான் கிழித்தாள். ஆனால் அவன் முகம் இளகியது. பலகையைச் செருகிக் கல்லை உருட்டினான்.

"எல்லாம் அடைஞ்சிட்டுதா?"

"அடைஞ்சிட்டுது," என்றாள் தனக்கொடி, அடுப்படியிலிருந்து, உரக்க.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவளைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

"நீயா?" என்றான்.

அந்த ஒரு சொல் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. சாப்பிடும்போதும் நின்றது. படுத்தபோதும் நின்றது.

நாலாம் நாளிலிருந்து முட்டை வந்தது. ஆனால் தனக்கொடி ஒரு முட்டையைக்கூடக் கூட்டிலிருந்து எடுக்கவில்லை. அவள் வயலிலிருந்து வரும்போதே, சுவரில் மாட்டியிருந்த முறம் இறங்கி அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும்; அதில் முட்டைகள் வைக்கோல்மேல் வரிசையாக இருக்கும். தொட்டால் சூடு. பலராமன் எடுத்து வைத்திருப்பான் என்று நினைத்தாள். அவன் அவளுக்குப் பிறகுதான் வந்தான். தீனி போடாத நாளிலும் கோழிகளின் இரைப்பை பிதுங்கிக்கொண்டு இருந்தது. அமுக்கிப் பார்த்தாள். உள்ளே நெல் நெறுநெறுத்தது.

பிறகு ஒரு மாலை, பானை கழுவிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

டக். டக்.

முறத்தின் விளிம்பில் நகம் படுகிற சத்தம். முறம் அவளுக்கு எதிரே சுவரில் மாட்டியிருந்தது, அசையாமல்.

தோட்டத்தில் கோழிகள் ஓடின. வேலியிலிருந்து, குப்பைமேட்டிலிருந்து, சிறகை விரித்து விழுந்தடித்துக்கொண்டு ஓடி முருங்கை மரத்தடியில் வட்டமாக நின்றன. நடுவில் யாரும் இல்லை. ஆறும் கழுத்தை நீட்டி மேலே பார்த்தன. வானத்தை இல்லை. ஒரு பொம்பளையின் கை இருக்கும் உயரத்தை. ஒரே சமயத்தில் குனிந்து வெறும் மண்ணைக் கொத்தின. மறுபடி நிமிர்ந்தன.

தனக்கொடிக்கு முதலில் வந்தது பயம் இல்லை. எரிச்சல். என் கோழி, என் தோட்டம், என் பாடு. செத்த பிறகும் இவளுக்குத்தான் ஓடுதா?

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஒவ்வொரு கோழியாகப் பிடித்தாள். துணியை அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் போட்டது சாதாரண இரட்டை முடிச்சு. இப்போது இருந்தவை இறுகிய, சின்ன, வேறு கை போட்ட முடிச்சுகள். அரிவாள் நுனியை விட்டு அறுத்தாள். பொழுது இறங்குவதற்குள் ஆறையும் அறுத்து அடுப்பில் போட்டாள். துணி உடனே பற்றவில்லை, முதலில் புகைந்தது. அந்தப் புகை முழுக்கப் புகையிலை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பரணில் கைவிட்டுத் துழாவினாள், ஏழாவதையும் எரித்துவிட.

பெட்டி இருந்தது. ஏழாவது துணி இல்லை.

வெளியே வந்தாள். மண்ணெண்ணெய் இல்லாத தெரு, அதற்குள்ளேயே இருண்டுகொண்டிருந்தது. கோழிகள் ஆறும் வேலியோரம் ஒதுங்கி நின்றன. அவளையே பார்த்தன.

டக். டக்.

கோழிகள் அசையவில்லை. ஒன்றுகூட. சேவல் சிறகடித்துத் தையலம்மாள் வீட்டுப் பக்கம் பறந்தது. மற்றவையும் பின்னாலேயே போயின.

ஜெயித்துவிட்டேன் என்று தனக்கொடி நினைத்தாள். நினைத்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தாள்.

நடந்துகொண்டிருந்தாள்.

நிற்கப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. முருங்கை மரத்தடி வந்தது. முழங்கால் மடங்கியது. குந்தினாள். கழுத்து தானாக நீண்டது. மேலே பார்த்தாள். ஒரு கை உயரம். அங்கே ஒன்றும் இல்லை. புகையிலை வாடை. அந்த ஒன்றுமில்லாததிலிருந்து அவள் முகத்தில் நெல் விழுந்தது.

குனிந்தாள். மண் வாயில் அப்பியது.

அப்போதுதான் வலது கணுக்காலைப் பார்த்தாள். அரக்குத் துணி. இறுகிய, சின்ன முடிச்சு.

கூட்டின் வாய் திறந்திருந்தது. போகக் கூடாது. போனாள். மண்டி போட்டு. சாம்பல் கையில் ஒட்டியது. சுவரில் அவள் இரண்டு தரம் பூசிய பூச்சு பெயர்ந்து விழுந்து கிடந்தது. அந்தக் கை தெரிந்தது. ஐந்து விரலும் நீளமாக. ஈரமாக.

வேலிப் பக்கம் செருப்புச் சத்தம். துண்டு வேலியில் விழும் சத்தம். பலராமன்.

கத்த வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து மெதுவாக, அடைக்கோழி முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. மறுபடி முயன்றாள். மறுபடி அதே சத்தம்.

பலகை வாயில் இறங்கியது. ஆட்டுக்கல் உருண்டு வந்து அண்டியது.

"எல்லாம் அடைஞ்சிட்டுதா?"

அடுப்படியில் வளையல் குலுங்கியது. முறத்தைச் சுவரில் மாட்டும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், சமைத்துக்கொண்டே பேசுகிறவளின் அலுத்த, பழகிய குரல்.

"அடைஞ்சிட்டுது. கால கழுவிகினு வா."

இந்தத் தடவை அவன் திடுக்கிடவில்லை. "தோ வரேன்," என்றான். அவன் குரல் அவ்வளவு இளகித் தனக்கொடி ஒருநாளும் கேட்டதில்லை.

பலகை இடுக்கில் இருந்த கடைசி வெளிச்சம் போயிற்று. இருட்டில் தனக்கொடியின் கால் விரல்கள் மூங்கில் கழியைத் தேடின. தேடிப் பிடித்து, அதைச் சுற்றி மடங்கிக்கொண்டன.