ஸ்டீரிங்கில் ஒரு கொலை முயற்சி

போன் அலறியது!

ஒரு வேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக், எழுந்த வேகத்தில் நெற்றியை இரும்பில் மோதிக்கொண்டான். கையுறையைப் பல்லால் கடித்து உருவிவிட்டு போனை எடுத்தான்.

"உடனே வா!"

அவள்தான். அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். அதாவது, அவளுடைய அப்பா சரி என்று சொல்லிவிட்டால்!

"என்னாச்சு? ஏன் இப்படி மூச்சு வாங்குற?"

"அப்பா கார் ஷெட்ல... தரையில... செக்கச்செவேல்னு..."

"ரத்தமா?"

"அப்படித்தான் அப்பாவும் கத்தினார். அப்புறம் தொட்டு மோந்து பாத்துட்டு, ஆயில்னு சொல்லிட்டார்."

"அப்பாடா!"

"என்ன அப்பாடா? இது கொலை முயற்சியாம். நீதான் அக்யூஸ்ட்டாம்!"

மெக்கானிக் வேனிலேயே சாய்ந்து நின்றான்.

இன்றைக்குச் சாயங்காலம்தான் அந்த மனிதர் கல்யாணத்துக்குப் பதில் சொல்வதாக இருந்தது. தாயில்லாத பெண்ணைத் தனியாளாக வளர்த்தவர். 'அப்பா முடியாதுன்னுட்டா நான் அவரை விட்டுட்டு வரமாட்டேன்' என்று அவள் முதலிலேயே சொல்லியிருந்தாள். அது அவனுக்கும் நியாயமாகத்தான் பட்டது.

அப்பாவோ லேசுப்பட்டவர் இல்லை. போலீஸில் கைரேகை நிபுணர். டம்ளரோ, கதவோ, எதைப் பார்த்தாலும் பவுடர் தூவுவார் என்பதால் 'பவுடர் சார்' என்று பெயர். அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். அவருடைய சந்தேகம் இன்னும் டூட்டியில்தான் இருந்தது!

*

"அங்கேயே நில்! ஸ்பாட்டைக் கலைக்காதே!"

ஷெட் வாசலில் குறுக்கே துணி காயப்போடும் கயிறு. காருக்கு அடியில் தேங்கியிருந்த சிவப்பு ஆயிலைச் சுற்றிச் சாக்பீஸ் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம், மார்பில் கை கட்டியபடி பவுடர் சார்.

"வாங்க," என்றாள் அவள். போனில் 'வா'. அப்பா எதிரில் 'வாங்க'!

"காலையில முனை திரும்பறேன்," என்று ஆரம்பித்தார் பவுடர் சார். "ஸ்டீரிங் திரும்ப மாட்டேங்குது! கல்லு மாதிரி இறுகிப்போச்சு. முனங்கல் சத்தம் வேற. எதிர்ல ஒரு மதில் சுவர்! ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சேனோ, பொழைச்சேனோ! போன வாரம் இந்த ஸ்டீரிங்ல கை வச்சது யாரு?"

"நான்தான் சார். ஆயில் போற பழைய ரப்பர் ஹோஸ் வெடிச்சிருந்துச்சு. புதுசு மாத்தினேன்."

"ஒத்துக்கிட்டான்!"

"சார், பானட்டைத் திறந்து பாக்கலாமா?"

"பாக்கலாம். நான் பக்கத்துல நிப்பேன்."

மெக்கானிக் பானட்டைத் தூக்கினான். பவர் ஸ்டீரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகினான். அது அசையவில்லை. துணியைச் சுற்றிப் பிடித்து, முகம் சிவக்கத் திருகியபோதுதான் திறந்தது. உள்ளே அடி மட்டத்தில் கொஞ்சம் ஆயில். அதிலும் நுரை.

"ஆயில் ஒழுகியிருக்கு சார். காத்து உள்ள போயிருக்கு. அதான் முனங்குது."

"ஒழுகல. ஒழுக விட்டிருக்காங்க!"

எங்கிருந்து? டப்பா, பம்ப், குழாய் எல்லாம் ஒரே ஆயில் மயம். ஸ்பிரே அடித்து அந்தப் பகுதியைத் துடைத்தான். காயவிட்டுவிட்டு, கை கழுவலாம் என்று தோட்டக் குழாய்க்குப் போனான். குழாயும் அசைந்து கொடுக்கவில்லை!

"அது வேலைக்கு ஆகாது," என்று கிசுகிசுத்தாள் அவள். "அப்பா மூடினது. அவர் மூடினா யாராலயும் திறக்க முடியாது. வீட்ல காப்பித்தூள் பாட்டில் திறக்கணும்னாகூட அவரைத்தான் எழுப்பணும்."

"நீ எப்படி சமாளிக்கிற?"

"பழகிப்போச்சு."

அவள் சிரித்தாள். அவன் கையைப் பேன்ட்டிலேயே துடைத்துக்கொண்டு வந்தான்.

"சார், வீட்ல முகப் பவுடர் இருக்குமா?"

"எதுக்கு? மேக்கப்புக்கா?"

"ஹோஸ் மேல தூவிட்டு எஞ்சினை ஓட விட்டா, எங்க ஒழுகுதோ அங்க ஈரம் காட்டிக் கொடுத்துடும்."

பவுடர் சாரின் மீசை துடித்தது. கண்ணில் ஒரு பளபளப்பு!

"பவுடரா... என்கிட்டயே பவுடரா! நகரு!"

உள்ளே ஓடினார். பழைய தோல் பெட்டியோடு திரும்பினார். பூனை வால் மாதிரி மெத்தென்று ஒரு பிரஷ். வெள்ளைப் பவுடரைத் தொட்டு, குழந்தைக்குப் பூசுவதுபோல ஹோஸுக்குப் பூசினார்.

"ஸ்டார்ட் பண்ணும்மா! ஸ்டீரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பு!"

எஞ்சின் உறுமியது. ஸ்டீரிங் முனங்கியது...

டப்பாவில் ஹோஸ் நுழையும் இடத்தில், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புக்கு அடியிலிருந்து மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இறங்கியது.

"அங்க!" என்று கத்தினார்கள் இருவரும். அந்த ஒரு கணம் அவர்கள் மாமனார் மருமகன் போலவே இருந்தார்கள்.

எஞ்சினை நிறுத்திவிட்டு மெக்கானிக் டார்ச்சோடு குனிந்தான்.

"சார்... கிளிப் ரப்பரையே அறுத்திருக்கு. யாரோ கிளிப் ஸ்க்ரூவை இறுக்கு இறுக்குன்னு இறுக்கியிருக்காங்க. நான் ஒரு அளவோட நிறுத்திட்டேன். இது என் வேலை இல்ல."

"திருடனும் அதையேதான் சொல்வான்!" பவுடர் சார் சுற்றிலும் பார்த்தார். "இந்த ஸ்க்ரூவைத் திருகணும்னா குனியணும். குனிஞ்சா இடது கையை எங்க ஊனுவான்? இதோ, இந்த ஏர் ஃபில்டர் மூடி மேல! அதை நீ துடைக்கல!"

"அன்னிக்கு நான் கையுறை போட்டுத்தான் சார் வேலை செஞ்சேன்."

"பாத்தியாம்மா! கையுறை போடறானாம்! எந்த யோக்கியன் கையுறை போடுவான்?"

கறுப்பு மூடியில் பிரஷ் தவழ்ந்தது. ஒரு கட்டைவிரல் ரேகை வெள்ளையாக மலர்ந்தது!

"மாட்டினான்!"

ஸ்டாம்ப் பேடு வந்தது. மெக்கானிக்கின் இடது கட்டைவிரலை அமுக்கி, வெள்ளைத் தாளில் உருட்டினார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு மூடியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மறுபடி மூடியைப் பார்த்தார்.

அவருடைய தோளுக்கு மேலாக மெக்கானிக்கும் எட்டிப் பார்த்தான்.

ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு தழும்பு.

பூதக்கண்ணாடியைப் பிடித்திருந்த இடது கையிலும்... கட்டைவிரலில்... அதேபோல் சாய்வாக ஒரு தழும்பு!

மெக்கானிக்குத் தோட்டக் குழாய் ஞாபகம் வந்தது. காப்பித்தூள் பாட்டில் ஞாபகம் வந்தது.

பவுடர் சார் நிமிரவே இல்லை. காது மடல் மட்டும் சிவந்துகொண்டே போனது.

"யாருப்பா அது?" என்றாள் மகள்.

பவுடர் சார் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பெண் எதிரில் அந்த மனிதர் கூனிக் குறுகி நிற்பதை மெக்கானிக்கால் பார்க்க முடியவில்லை. பாவமாக இருந்தது. பழியை ஏற்றுக்கொண்டால் கல்யாணமே கைவிட்டுப் போகும் என்று தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது.

"என்னோடதுதான் சார். நான்தான் அதிகமா இறுக்கிட்டேன். தப்பு என் பேர்லதான்."

"என்ன உளர்ற?" அவள் பதறினாள். 'வாங்க' காற்றில் போயிற்று!

பவுடர் சார் மெதுவாக நிமிர்ந்தார். அவனையே உற்றுப் பார்த்தார்.

"என் சர்வீஸ்ல, செய்யாத குத்தத்தை ஒத்துக்கிட்டவங்க எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்," என்றார். "அடி வாங்காம ஒத்துக்கிட்டவன் நீ ஒருத்தன்தான்!"

"சார்..."

"ரேகை என்னோடதும்மா. தினமும் காரைத் துடைக்கும்போது பானட்டையும் திறந்து அந்த ஸ்க்ரூவை ஒரு திருகு திருகியிருக்கேன். இவன் சரியா மாட்டியிருப்பானோ இல்லையோன்னு பயம். கை தானா போயிடுது..." குரல் இறங்கியது. "அவிழ்ந்துடக் கூடாதேன்னுதான் இறுக்கினேன். அறுந்துபோச்சு."

அவள் அப்பாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சி மறைத்தார்.

மெக்கானிக் அந்தப் பக்கம் பார்க்காமல் வேலையில் இறங்கினான். ஹோஸின் அறுந்த முனையை நறுக்கினான். மிச்சம் தாராளமாக எட்டியது. புதுக் கிளிப் போட்டு அளவாக முடுக்கினான். ஆயில் ஊற்றினான். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, நுரை அடங்கும்வரை ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பி, குறைந்த ஆயிலை நிரப்பினான். முனங்கல் நின்றது. பவுடர் சார் உட்கார்ந்து ஒற்றை விரலால் திருப்பிப் பார்த்தார். ஸ்டீரிங் வெண்ணெயாகச் சுழன்றது.

இறங்கி வந்து, பாக்கெட்டிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை மகளிடம் நீட்டினார்.

"கொலை ஆயுதம். எனக்குத் தெரியாம ஒளிச்சு வை."

"அப்பா... அந்தப் பதில்?"

"வீட்ல எது உடைஞ்சாலும் நான்தான் உடைச்சேன்னு சொல்ற புருஷன் எங்க கிடைப்பான்? சம்மதம்!"

அவள் துள்ளினாள். மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை!

பவுடர் சார் அந்த ஸ்டாம்ப் பேடு தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினார்.

"ஆனா மாப்ளே, உன் ரேகை என்கிட்ட இருக்கு. என் பொண்ணை விட்டுட்டு ஓடினே... எங்க போனாலும் பிடிச்சுடுவேன்!"

"ஓட மாட்டேன் மாமா," என்றான் மெக்கானிக், பானட்டை இறக்கியபடி. "அப்படியே ஓடினாலும், சத்தியமா இந்தக் கார்ல ஓட மாட்டேன்!"