பிரதி

அச்சுப்பொறி அந்தப் பெயரை அடிக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டது. மழையில் ஊறிய கோப்புகளின் புழுங்கல் வாடையும் மின்விசிறியின் முனகலும் நிறைந்திருந்த அந்தத் திருவனந்தபுரம் நீதிமன்ற அறையில், ஊசிகள் காகிதத்தைக் கொத்தும் சத்தத்தை வைத்தே எந்தப் பெயர் என்று சொல்லிவிடுவாள் தட்டச்சர் சுப்புலக்ஷ்மி. வரவேண்டிய ராஜையன் என்பது சின்னப் பெயர். இது நீண்டது.

2004-ல் சோதனைக்காக வந்த கணினியின் அச்சுப்பொறி அது. வழக்குக் கட்டை உள்ளே கொடுத்தால் தீர்ப்பு வெளியே வரும். நீதிபதி கையெழுத்துப் போட்டால் போதும். இரண்டே வாரத்தில் அவர் படித்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். முதலாளியைக் கொன்றதாகக் கூண்டில் நின்ற ஓட்டல் தொழிலாளி ராஜையனின் தமிழ் வாக்குமூலத்தை அடித்தவள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். திருநெல்வேலியில் பழகிய பழக்கத்தில், நகல் எடுத்தவர் பெயரையும் அடியில் சேர்த்திருந்தாள்: பிரதி – சுப்புலக்ஷ்மி.

மலையாளத் தீர்ப்பை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கொலை செய்தவர் சுப்புலக்ஷ்மி. ஆயுள் தண்டனை.

பெஞ்ச் கிளார்க் ராமசுப்ரமணியனிடம் ஓடினாள். அவர் காகிதத்தைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"இங்கே மலையாளத்துல பிரதின்னா குற்றஞ்சாட்டப்பட்ட ஆளாக்கும், கொழந்தே."

"நகல்னு நெனச்சுண்டு போட்டேன் சார். திருத்தச் சொல்லுங்கோ."

"விதி வந்துடுத்தே." அந்த ஊரில் தீர்ப்புக்கும் அதுதான் பெயர்.

நீதிபதி பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். தான் வெறும் தட்டச்சர், அந்த ஓட்டலைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று அவரிடம் கெஞ்சினாள். பின்னால் ஊசிகள் கொத்தத் தொடங்கின.

பிரதி குற்றத்தை மறுக்கிறார்.

விசைப்பலகையை யாரும் தொடவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

மறுபடியும் கொத்தல். பிரதி மௌனம்.

கையெழுத்து. முத்திரை.

ராஜையன் கூண்டைவிட்டு இறங்கினான். பெண்பிள்ளை வருகிறாளே என்று ஒதுங்கி, கூண்டின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். போலீஸ்காரரின் கை அவள் முழங்கையில். உள்ளே. கூண்டின் மரக்கட்டை பிசுபிசுத்தது. ராஜையனின் வியர்வை.

இறந்துபோன முதலாளியின் மனைவி பகவதியம்மாள் முன்வரிசையில் இருந்தாள். ராஜையன் அவளை உரசாத குறையாகக் கடந்து வெளியே போனான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெல்ல எழுந்து கூண்டருகே வந்தாள். அழுது வீங்கிய கண்கள். சுப்புலக்ஷ்மியின் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"அவரு உனக்கு என்ன கெடுதல் செஞ்சாரும்மா?"