இரண்டாவது தொட்டில்

மகள் வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். அழுகை மட்டும் கேட்டது.

தாய் மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். மருத்துவமனை ஆலோசகர் அக்கா சொல்லிக்கொடுத்தபடி குழந்தையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். அழுகை நிஜமென்றால் நெஞ்சு குலுங்கும். இல்லையென்றால் அது மனசு போடும் சத்தம், பயப்படாதே என்பார் அக்கா. நெஞ்சு குலுங்கவில்லை. சீராக ஏறி இறங்கியது.

இரட்டையரில் மகன் பிறந்த அன்றே போய்விட்டான். அவனுடைய அழுகை மட்டும் இரவு பகலாக அவளைத் துரத்தியது. கணவன்தான் கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போனான். மாத்திரை, தூக்கம், வாராவாரம் அக்காவிடம் மனம்விட்ட பேச்சு என்று மெல்ல மெல்லத் தலை தெளிந்தது. குழந்தையைத் தனியாக விடக்கூடாது என்று கூடவே காவல் இருந்த மாமியார் இன்று காலைதான் பெட்டியைக் கட்டினார்.

"திரும்ப இப்படி ஆச்சுன்னா புள்ளைய என்கூட கூட்டிட்டுப் போயிடுவேன்மா. தப்பா எடுத்துக்காத."

தனியாக இருக்கும் முதல் நாளே இப்படியா என்று போனை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள். சொன்னால் மகள் போய்விடுவாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அடுப்படியில் குழாய் சொட்டுவதும், மாடி வீட்டில் யாரோ நாற்காலி இழுப்பதும், இவற்றுக்கெல்லாம் அடியில், சாமான் அறையின் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து, பசித்துப் பசித்துக் கம்மிப்போன அந்தக் குரலும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தன. காதைப் பொத்தினாள். நின்றது. கையை எடுத்தாள். கேட்டது. முன்பெல்லாம் காதைப் பொத்தினாலும் கேட்கும்.

வாசல் கதவு திறந்தது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை முடிந்து கணவன் கிரீஸ் வாடையோடு உள்ளே வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இன்னிக்கு சீக்கிரமே எழுந்துட்டானா?"

அவள் சாமான் அறைக் கதவைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் கேக்குதாங்க?"

"அவன் பொறந்த நாள்லேர்ந்து கேக்குது."

"சொல்லவே இல்லையே. நாளைக்கே டாக்டர்கிட்ட போலாங்க. எனக்கு சரியாச்சுல்ல?"

"உனக்குக் கேக்காம போச்சு. எனக்கும் கேக்காம போச்சுன்னா, அப்புறம் அவனுக்கு யாரு இருக்கா?"

இத்தனை நாளும் பக்கத்திலேயே படுத்திருந்தவன். அவனை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லையே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். அவன் சாமான் அறையைத் திறந்தான். மகனுக்கென்று வாங்கி, கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டதாக அவன் சொன்ன தொட்டில். சுருக்கமில்லாத விரிப்பு. வேறு ஒன்றுமில்லை. குனிந்து, பழகிய கையால் தட்டினான். அழுகை விம்மலாயிற்று. அடங்கியது.

கூடத்தில் மகள் விழித்துக்கொண்டு வீறிட்டாள்.

அவன் திரும்பவில்லை.

"என்னங்க, பாப்பா அழறா."

அவன் காதில் விழவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்து விரிப்பின்மேல் வைத்தான்.

"நீ தட்டு. அம்மா கைதான் வேணுமாம்."

விரிப்பு சூடாக இருந்தது.

கூடத்தில் வீறிடல். மூச்சு முட்டும் வீறிடல்.

அவள் தட்டத் தொடங்கினாள்.