வீட்டுக்கு வந்த மூட்டை

மோரில் அந்த வாடை இருந்தது. யார் யாருடைய தலையிலோ இருந்த பழைய எண்ணெய், வியர்வை, ஈரம் காயாத கோணி. அன்னக்கொடி டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு வாசலில் கொட்டினாள்.

பழங்காநத்தத்தில் சவுரிக்குத் தலைமுடி பிரிக்கும் ஷெட்டில் அவளுக்கு மூன்று வருஷமாக வேலை. ஒன்றுக்குப் போய்வந்தால்கூட மேஸ்திரி நேரம் பார்ப்பான். அதனால், வேண்டியவர்கள் முடிமூட்டையை வீட்டுக்கே கொண்டுபோய்ச் சிக்கெடுக்கலாம் என்று முதலாளி சொன்னதும் முதலில் கை தூக்கியவள் அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து வேலைசெய்யும் ராமக்காள் மட்டும் தடுத்தாள்.

"வேணாம்டி. இங்கன்னா சாயங்காலம் கையக் கழுவிட்டுப் போயிரலாம். வீட்டுல எங்கிட்டுப் போயிக் கழுவுவ?"

"அந்த மேஸ்திரி மூஞ்சியப் பாக்காம இருந்தாப் போதும்க்கா. உலைய வச்சுக்கிட்டே செஞ்சுருவேன்."

ஒரு வாரம் நிம்மதியாகத்தான் போனது. பிறகு சோப்பில் முடி, தலையணையில் முடி, குடிதண்ணீர்ப் பானையின் அடியில் சுருண்டு கிடந்த நரைமுடி. நேற்று சாப்பிடும்போது புருஷன் மலையாண்டி மீன்குழம்பிலிருந்து நீளமாக ஒன்றை உருவி எடுத்தான்.

"ஏண்டி, இதத் திங்கவா? நாளைக்கு அந்த மூட்ட இங்க இருக்கக் கூடாது."

"குடுத்துர்றேன். கொஞ்சந்தான் பாக்கி."

இன்று அவன் மில்லுக்குப் போனதும் மிச்சத்தை முடிக்க உட்கார்ந்தாள். மத்தியான வெயிலில் ஓட்டுக்கூரை சுட்டது. வேர்வையில் உதிரி முடிகள் கழுத்திலும் இடுப்பு மடிப்பிலும் ஒட்டி நெளிய, மூட்டைக்குள்ளிருந்து காய்ந்த சோளத்தட்டை உரசுவதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. எலியாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தாள். எலி இல்லை. அவள் கட்டிவைத்த கட்டுகள் எல்லாம் அவிழ்ந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

அடிநாக்கு உறுத்தியது.

வாய்க்குள் விரலை விட்டுப் பிடித்து இழுத்தாள். ஒரு சாண். ஒரு முழம். வயிற்றுக்குள் ஏதோ முடிச்சு அவிழ்ந்தது. வாயெல்லாம் ஊசிப்போன எண்ணெய். குமட்டியது. வாந்தி வரவில்லை. முடிதான் வந்தது.

எழுந்து கதவுக்கு ஓடினாள். தலை வெடுக்கென்று பின்னால் திரும்பியது. உதட்டிலிருந்து தொங்கிய முடி, தரையில் நீண்டு, கோணிக்குள் போயிருந்தது.

கடித்தாள். அறவில்லை.

கத்தினாள். குரல் இல்லை.

கோணிப் பக்கம் இழுபட்டு முடி விறைத்தது. பல்லிடுக்கில் ஈறு அறுபட்டு ரத்தம் கசிய, அவள் முட்டிபோட்டபடி சாண் சாணாக நகர்ந்தாள். மூட்டையின் வாய் விரிந்திருந்தது. உள்ளே, ஈரமாக, எதுவோ எச்சில் விழுங்கியது.