ஐந்தாவது வரிசை மீட்டர்

இரண்டாவது வரிசைக்குள் கால் வைத்ததும் தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. எரிய வேண்டியதுதான். ஆள் நடமாடினால் அந்த வரிசை விளக்கு தானே எரியும். ஆள் அசையாமல் நின்றாலோ போய்விட்டாலோ கொஞ்ச நேரத்தில் தானே அணையும். அவன் வாக்கி-டாக்கியின் பொத்தானை அழுத்தினான்.

"ரெண்டுக்குள்ள வந்துட்டேன் மச்சான். என்ன காட்டுது?"

"ரெண்டு ஏறிடுச்சு மாப்ள. அஞ்சும் ஏறியிருக்கு."

அது டேட்டா சென்டரின் புது ஹால். சர்வர்கள் இன்னும் வந்து இறங்கவில்லை. ஆளை விட உயரமான கறுப்பு அலமாரிகள் வரிசை வரிசையாக, வயிறு காலியாக நின்றிருந்தன. ஜன்னல் என்று ஒன்று கிடையாது. வெளியே பட்டப்பகலா மழையா என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. சுவரோரம் குளிர்காற்று இயந்திரங்கள் வாய் மூடி முனகிக்கொண்டிருந்தன. தரை, தூக்கிக் கட்டிய பலகைத் தரை. அடியில் வெற்றிடம் என்பதால் காலை எவ்வளவு மெல்ல வைத்தாலும் டொம் என்றது. புதுப் பெயின்டும் ரப்பரும் கலந்த வாடை தொண்டை வரை இறங்கியது.

இப்படிப்பட்ட இடத்தில் போகிற ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு மீட்டர் உண்டு. எந்த வரிசை எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று கன்ட்ரோல் ரூம் திரையில் நொடிக்கு நொடி தெரியும். ஹாலை ஒப்படைப்பதற்கு முன்னால், ஒவ்வொரு மீட்டரும் தன் லேபிளில் எழுதியிருக்கிற வரிசையைத்தான் அளக்கிறதா என்று ஒருவன் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஒருவன் இவன். விளக்கு மீட்டர்கள் மட்டும்தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அதை முடித்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருக்கும் மச்சான். மனைவியின் அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், அதை அடிக்கடி ஞாபகப்படுத்துகிறவரும் அவர்தான்.

வரிசையின் முனைக்கு வந்து எட்டிப் பார்த்தான். ஹாலின் மற்ற பகுதியெல்லாம் இருட்டாக இருக்க, ஐந்தாவது வரிசைக்கு மேலே மட்டும் வெள்ளை வெளிச்சம் நின்றிருந்தது. நடுவில் அலமாரிகள் மறைத்தன. வெளிச்சம்தான் தெரிந்தது, அதன் கீழே என்ன என்று தெரியவில்லை.

இந்தத் தொழிலில் ரீடிங் கோணலாக வந்தால் யாரும் பயப்படுவதில்லை. ஒயர் இழுத்தவனைத் திட்டுவார்கள், அவ்வளவுதான். அவனும் திட்டினான்.

"சென்சார் ஒயரைக் கலந்து கட்டி வெச்சிருக்கான் மச்சான். நான் இங்க அசைஞ்சா அங்கயும் எரியுது."

"இப்ப என்ன பண்ணணும்?"

"நாளைக்குப் பிரிச்சுப் பாத்துக்கலாம். இப்போதைக்கு அஞ்சு ஏறினா அது நான்தான்னு வெச்சுக்குங்க. திரையிலயும் அப்படியே போட்டு விட்டுருங்க, இல்லன்னா மணி அடிச்சுக்கிட்டே கிடக்கும்."

"போட்டாச்சு. சீக்கிரம் முடி. உன் ஃபோன் இங்க ரெண்டு தடவை அடிச்சுது. தங்கச்சிதான். குழந்தையை வெச்சுக்கிட்டுத் தனியா இருக்க பயமா இருக்காம். நீ இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன்னு சத்தியம் பண்ணினியாமே?"

பண்ணியிருந்தான். புது வீடு, அக்கம்பக்கத்தில் இன்னும் யாரும் குடிவரவில்லை. காலையில் கிளம்பும்போது ஆறு மாதக் குழந்தை அவன் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. விரல் விரலாகப் பிரித்துத்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. அதை நினைத்து இருட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டே மூன்றாவது வரிசைக்குப் போனான்.

விளக்கு எரிந்தது. "மூணு," என்றான்.

"மூணு சரி. நாலும் ஏறுது. அஞ்சு இறங்கிடுச்சு."

நாலு, பக்கத்து வரிசை. நடுவில் ஒரே ஒரு அலமாரிச் சுவர். அலமாரிக் கதவுகளின் சல்லடை ஓட்டைகள் வழியே அந்தப் பக்கத்து வெளிச்சம் பொடிப்பொடியாக இந்தப் பக்கம் விழுந்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. குழந்தைப் பவுடர். தன் சட்டையிலிருந்து வருவதாக நினைத்துத் தோளை முகர்ந்து பார்த்தான். சட்டையில் வியர்வை நாற்றம்தான் இருந்தது. வாசனை சல்லடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

சேச்சே என்று தன்னையே அதட்டிக்கொண்டான். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதுதான் மீட்டர்காரனுக்கு அழகு, சோதனையும் சுலபம். தன் அசைவுதான் நாலாவது வரிசை விளக்கையும் எரிய வைக்கிறது என்றால், தான் அசையாமல் நின்றால் இரண்டு விளக்கும் சேர்ந்தே அணைய வேண்டும்.

நின்றான். கையைத் தொங்கவிட்டு, மூச்சைக்கூடச் சுருக்கிக்கொண்டு நின்றான். குளிர்காற்று கழுத்தில் ஊர்ந்தது. இயந்திரங்கள் முனகின. கண்ணிமை மட்டும் அடித்துக்கொண்டது.

தலைக்கு மேலே விளக்கு அணைந்தது.

நாலாவது வரிசை அணையவில்லை.

வெளிச்சப் பொடிகள் அவன் சட்டைமேல் அப்படியே கிடந்தன. பிறகு, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவற்றில் சில மறைந்தன. மீண்டும் தெரிந்தன. அடுத்தவை மறைந்தன. சல்லடைக்கு அந்தப் பக்கம் ஏதோ நகர்ந்துகொண்டிருந்தது.

டொம். டொம். அவன் நடக்கிற அதே தாளம். இடது காலை லேசாக இழுத்து வைக்கிற அதே நடை.

"மச்சான்," என்று பொத்தானை அழுத்திக் கிசுகிசுத்தான். "உள்ள வேற யாராச்சும் வந்தாங்களா?"

"யாரு வருவா? கூண்டு என்ன சொல்லுதுன்னு பாக்கறேன் இரு. உள்ளே ஒருத்தர். நீதான்."

கூண்டு என்பது ஹாலின் வாசல். முன்னும் பின்னும் கதவு வைத்த கண்ணாடி அறை. ஒரு கதவு மூடினால்தான் மற்றது திறக்கும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும். உள்ளே வருவதற்கு அட்டை வேண்டும். வெளியே போக எதுவும் வேண்டாம், போய் நின்றால் போதும். ஆனால் எத்தனை பேர் உள்ளே போனார்களோ அத்தனை பேரைத்தான் அது வெளியே விடும். கணக்கு தீர்ந்தால் ஹால் காலி என்று பூட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு உடைக்கிற பொத்தான் சுவரில் இருக்கிறது. அதற்கான ஒயர் இன்னும் வந்து சேரவில்லை.

ஒருவர். அப்படியென்றால் ஒருவர்தான் வெளியே போக முடியும்.

அது உறைத்ததும் கையை வீசினான், விளக்கு எரிவதற்காக. எரியவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். குதித்தான். பலகைத் தரை டொம்மென்று அதிர்ந்தது. சென்சாரின் சிறிய சிவப்புக் கண் அவனுக்கு நேர் மேலே விழித்துக்கொண்டிருந்தது, விளக்கு மட்டும் எரியவில்லை.

"மாப்ள, மூணு விழுந்துடுச்சு. நீ எங்க, நாலுலயா இருக்க?"

"இல்ல மச்சான், நான் மூணுலதான். நாலுல யாரோ..."

வாக்கி-டாக்கி குறுக்கே கீச்சிட்டது. இன்னொருவர் பொத்தானை அழுத்திப் பேசும்போது வரும் கீச்சு. அதைத் தொடர்ந்து ஒரு குரல் வந்தது. கரகரப்பு, இழுவை, நடுவில் தொண்டையைச் செருமுவது எல்லாம் சேர்ந்து, அவன் குரல்.

"முடிஞ்சுது மச்சான். எல்லாம் சரியா இருக்கு. வந்துட்டே இருக்கேன்."

"அப்பாடா. வா வா," என்றார் மச்சான்.

அவன் பொத்தானை அழுத்தினான். கீச்சு. மறுபடியும் அழுத்தினான். கீச்சுதான். அந்தப் பக்கம் பொத்தானை விடாமல் பிடித்திருந்தார்கள்.

ஓடினான். இருட்டில், கையை நீட்டிக்கொண்டு. தோள் அலமாரியில் மோதியது. எலும்பு வரை வலித்தது. வரிசை முனை. திரும்பினான். தூரத்தில் வாசலை ஒட்டிய முதல் வரிசைக்கு மேலே வெளிச்சம். அது அவசரப்படவில்லை. டொம். டொம்.

"டேய், நில்லு!" என்று கத்தினான். வெற்று அலமாரிகள் அந்தச் சத்தத்தை வாங்கி உள்ளே போட்டுக்கொண்டன.

முதல் வரிசை இருண்டது. கூண்டுக்குள் வெளிச்சம் வந்தது. அவனுடைய அதே நீலச் சட்டை. அவனுடைய பிடரி. அவனைப் போலவே தலையை ஒருக்களித்துக்கொண்டு நின்றது. இவன் கை கண்ணாடியில் பட்டபோது உள்கதவு மூடியிருந்தது.

கதவுக்கு மேலே இருந்த எண் மாறியது.

உள்ளே: 0.

வெளிக்கதவு திறந்தது. அது இறங்கிப் போனது. நடைகூடத்தில் மச்சான் வந்து நின்றிருந்தார். கையில் இவனுடைய ஃபோன். வெளியே வந்ததன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி ஏதோ கேலி சொன்னார். கண்ணாடிகளின் கனத்தில் ஒரு சத்தமும் வரவில்லை. இவன் இரண்டு கையாலும் அடித்தான், வலித்தும் நிறுத்தவில்லை. "மச்சான்! இங்க பாருங்க! மச்சான்!"

மச்சான் பார்த்தார். திரும்பி, கூண்டுக்குள் நுழைந்து, நேராக இந்தக் கண்ணாடியை நோக்கி வந்தார். இவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு சாண் தூரத்தில் நின்றார். கண்கள் இவன் கண்களுக்கு நேரே இருந்தன. கையைத் தூக்கி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி, மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார்.

அவர் பக்கம் வெளிச்சம். இவன் பக்கம் இருட்டு. அவருக்குத் தெரிந்தது அவர் முகம்தான்.

திருப்தியோடு திரும்பிப் போனார். இடுப்பில் இருந்த வாக்கி-டாக்கியை எடுத்துப் பேசினார். வாசல் காவலாளியிடமாக இருக்கும். இவன் கையில் இருந்த பெட்டியில் அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

"புது ஹால் காலி. எல்லா மீட்டரும் பூஜ்யம். பூட்டிக்கலாம்."

இவன் பொத்தானை அழுத்திக் கத்தினான். மச்சானின் வாக்கி-டாக்கி கீச்சென்று கூட ஒலிக்கவில்லை போலிருக்கிறது; அவர் திரும்பவில்லை.

ஃபோன் ஒளிர்ந்தது. மச்சான் திரையைப் பார்த்துச் சிரித்தார், அதனிடம் நீட்டினார். அது வாங்கிக் காதில் வைத்துக்கொண்டது. கேட்டது. தலையாட்டியது. அவள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தது.

"பேசாத," என்று இவன் கண்ணாடியில் வாயை ஒட்டிக் கதறினான். "அது நான் இல்ல. அது நான் இல்லடி."

அது மெல்லத் திரும்பியது. மச்சானைப் போல அது தன் முகத்தைப் பார்க்கவில்லை. இருட்டுக்குள் இவனை, இவன் கண்களைப் பார்த்தது. சட்டையின் தோளில் ஒரு வெள்ளைப் பவுடர் தடம் இருந்தது, குழந்தையின் கைப்பிடி அளவுக்கு. இவனைப் பார்த்தபடியே, உதடுகள் இவனுக்கு நன்றாகத் தெரியும்படி, நிறுத்தி நிறுத்திப் பேசியது.

"கெளம்பிட்டேன். கதவத் தெறந்து வை."