பூட்டிய உப்பளத்தில் ஒரு விரல் ரேகை

சேதுலட்சுமியின் துப்பறியும் அலுவலகம் ராமநாதபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருந்தது. சனிக்கிழமை மாலை அங்கே வந்த பூமயில் நாற்காலியில் உட்காரவே இல்லை.

“வாலிநோக்கத்துல உப்பளத்து வேலக்கா. ஞாயித்துக்கெழம பூட்டிக் கெடக்கையில நான் உள்ள வந்தேங்குறாக. கள்ளச்சாவி வச்சிருக்கேனாம். இனிமே வராதன்னுட்டாக. வேல போனாக்கூட வேற பாத்துக்கிருவேன். திருடிங்குற பேரோட எங்கன போயி நிப்பேன்?”

சேதுலட்சுமி உடனே கிளம்பினாள். உதவியாளன் சஃபீர் அவளுக்கு முன்பே படியிறங்கி வண்டியைக் கிளப்பியிருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான்.

உப்பள முதலாளி உக்கிரபாண்டி வீட்டில்தான் இருந்தார். செல்போனை நீட்டினார். வருகையைப் பதியும் ரேகை இயந்திரம் இந்த மாதம்தான் வந்தது. அதற்கான நிரலை எழுதியவன் அவர் அண்ணன் மகன் யோகேஸ்வரன்.

“பாருங்க. ஞாயிறு, காலை 4.50, பூமயில். எல்லா ஞாயிறும் இருக்கு. சாவி எங்கிட்ட மட்டுந்தான்.”

“ரப்பர்ல போலி விரல் செஞ்சிருப்பாங்கக்கா!” என்றான் சஃபீர்.

“திருட வந்தவ வருகையும் பதிஞ்சுட்டுப் போவாளா?” என்ற சேதுலட்சுமி திரையை நிதானமாகத் தள்ளிப் பார்த்தாள். “அய்யா, இன்னைக்குப் பூமயில் வேலைக்கு வந்தாளா?”

“வந்தாளே. மடையத் தொறந்துவிட்டவளே அவதான்.”

“இதுல ஒரு சனிக்கிழமையிலகூட அவ பேர் இல்லையே. மத்தவங்க எப்ப வருவாங்க?”

“ஆறு மணிக்கு மேல வேன்ல வருவாக. இவ பாத்திக்குத் தண்ணி விடணும்ல, நான் கேட்டத் தொறக்கையிலேயே வந்துருவா.”

சேதுலட்சுமி சிரித்தாள். “திங்கள் கேட் திறக்கும்போது நீங்க, யோகேஸ்வரன், பூமயில் எல்லாரும் அங்க இருங்க.”

திங்களன்று கிழக்கு வெளுக்கும் முன்பே அவர்கள் கூடிவிட்டார்கள். உக்கிரபாண்டி பூட்டைத் திறந்தார். “முதல்ல நீங்க விரலை வைங்க, அய்யா” என்றாள் சேதுலட்சுமி. அவர் வைத்தார். யோகேஸ்வரனின் செல்போனில் பதிவு வந்தது: உக்கிரபாண்டி, ஞாயிறு, காலை 4.55.

“நேத்து பூட்டின உப்பளத்துக்குள்ள நீங்க எதுக்கு வந்தீங்க?”

முதலாளி செல்போனை வாங்கி மறுபடியும் படித்தார்.

“யோகேஸ்வரன் மணியை நம்ம ஊர்ப்படி காட்டச் சொல்லிட்டு, தேதியை மட்டும் உலகப் பொது நேரத்துலேருந்து எடுத்துட்டார். அது நமக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால. இங்க காலை அஞ்சரை ஆனாத்தான் அங்க நாள் மாறும். அதுக்கு முன்ன வர்றவங்களுக்குத் திங்கள் ஞாயிறாயிடும், சனி வெள்ளியாயிடும். வேன்ல வர்றவங்க தப்பிச்சாங்க. சீக்கிரம் வந்தவதான் மாட்டிக்கிட்டா.”

யோகேஸ்வரன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “ஒரே ஒரு வரிதான், சித்தப்பா. இன்னைக்கே மாத்திடுறேன்.”

“ஏலே, ஒன் ஒரு வரியால ஒரு பொம்பளையத் திருடின்னுட்டேனே!” உக்கிரபாண்டி பூமயிலிடம் திரும்பினார். “மனசுல வச்சுக்கிறாத தாயி. வந்து விரல வையி.”

“வேன் வரட்டும் மொதலாளி. திருடின்னு எல்லாரு முன்னாடியுந்தானே சொன்னீக?”

அவள் மடையைத் திறந்துவிட்டு வந்து கேட்டருகே நின்றாள். வேன் வந்தது. எல்லோரும் இறங்கியதும் உக்கிரபாண்டி உரக்கவே சொன்னார்: “பூமயில் மேல தப்பில்ல. தப்பு எங்க மேலதான்.” சஃபீர் முதலில் கைதட்டினான்.

பூமயில் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கட்டைவிரலை வைத்தாள். திங்கள், காலை 6.20 என்று பதிவாயிற்று. அந்த இயந்திரம் வந்த பிறகு அவள் தாமதமாக விரல் வைத்ததும் அன்றுதான், அது அவளுக்குச் சரியான கிழமை போட்டதும் அன்றுதான்.