யாரோ வைத்துவிட்டுப் போன கோப்பை

யாரும் கேட்காத சாக்லேட் மகளின் முன்னால் வந்தபோதே லோரெதானாவுக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் கேட்டது இரண்டு காபி. வந்தது இரண்டு காபியும், விளிம்பு வரை நுரைத்த ஒரு கோப்பை சாக்லேட்டும். இத்தாலியின் வடக்கே டூரினில் பிறந்து வளர்ந்தவள் அவள். ஓட்டலில் ரொட்டிக்கூடையை நீட்டினால்கூட இதற்குத் தனியாகக் காசா என்று கேட்கிற ரகம்.

"பாப்பாவுக்கு. ஏற்கெனவே காசு கட்டியாச்சு," என்றான் கடைக்காரன்.

கணவன் ரஃபாயேலே சிரித்தான். தெற்கே இருக்கிற இந்த நேப்பிள்ஸ் அவன் பிறந்த ஊர். மகள் மிரெல்லாவுக்கு அதன் கோபுரங்களையும் காபிக் கடைகளையும் காட்டத்தான் இந்த விடுமுறை.

"இதுக்கு சொஸ்பெசோன்னு பேருடி. ஒரு காபி குடிச்சிட்டு ரெண்டுக்குக் கட்டிட்டுப் போவாங்க. இன்னொண்ணு இல்லாதப்பட்டவங்க யாராவது வந்து குடிக்க."

"நாம என்ன இல்லாதப்பட்டவங்களா?"

"வேண்டாம்னா கொடுத்தவங்களுக்கு அவமானம். நீ குடி கண்ணு."

மிரெல்லாவுக்கு அதற்குள் சாக்லேட் மீசை முளைத்துவிட்டது. லோரெதானாவுக்குச் சுருக்கென்றது. அவள் மகளுக்கு யாருடைய தர்மமும் தேவையில்லை.

"கொடுத்தது யாரு? நானே அவங்ககிட்ட திருப்பிக் குடுத்துடறேன்."

கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரனின் கை நின்றது. பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த இருவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"சின்யோரா, அத மட்டும் கேக்கக் கூடாது. கொடுத்தவங்க யாரு, குடிச்சவங்க யாருன்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியக் கூடாது. அதான் இதுல மரியாதை."

"டூரின்காரங்களுக்கு எல்லாத்துக்கும் ரசீது வேணும்பா," என்றான் ரஃபாயேலே. யாரும் சிரிக்கவில்லை.

"யாருன்னு சொல்லுங்க," என்றாள் அவள்.

கடைக்காரன் குரலைத் தாழ்த்தினான். "ஒரு அம்மா. எங்கப்பா காலத்துல வந்தவங்க. பொண்ணு தொலைஞ்சு போச்சாம். வர்ற பிள்ளைங்களுக்குக் குடுங்கன்னு கட்டிட்டுப் போனாங்க. அந்தக் காசு இன்னும் தீரல. எத்தனையோ பிள்ளைங்க குடிச்சிருக்கு, யாரும் கேட்டதில்ல. நீங்க கேட்டுட்டீங்க."

வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கறுப்புக் கல் பாவிய சந்துகளில் எண்ணெயில் பொரிகிற மாவின் மணமும், மேலே கொடிகளில் எடுக்க மறந்த துணிகள் சொட்டுகிற சத்தமும், ஏதோ தேவாலயத்தின் திறந்த கதவிலிருந்து வந்த மெழுகு வாசனையும் ஒன்றாகக் கலந்திருந்தன. அவற்றுக்கு நடுவே, அவர்கள் நடந்தால் நடந்து நின்றால் நிற்கிற ஒரு செருப்புத் தேய்கிற சத்தம், சந்து எத்தனை முறை திரும்பினாலும் பின்னாலேயே வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். ஈரக் கல்தான் இருந்தது.

அடுத்த கடையிலும் சாக்லேட் வந்தது.

"யாரு?" என்று கேட்டாள், வாயை அடக்க முடியாமல்.

"காலையில ஒரு அம்மா கட்டிட்டுப் போனாங்க," என்றாள் அந்தக் கடைப் பெண். லோரெதானா கை நீட்டுவதற்குள் மிரெல்லா குடித்து முடித்திருந்தாள்.

அதன் பிறகு மிரெல்லா முன்னால் நடந்தாள். இந்த ஊருக்கு இன்றுதான் முதல் முறையாக வந்த குழந்தை, சந்துகளில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திரும்பினாள்.

"வீடு இந்தப் பக்கம்," என்றாள். அதை இந்த ஊர்ப் பேச்சில் சொன்னாள். வீட்டில் ரஃபாயேலே அந்தப் பேச்சை ஒருநாளும் பேசியதில்லை. அவன் சிரிக்க வாயெடுத்து, பாதியில் விட்டுவிட்டான்.

மழை வலுத்தது. கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதிக்குள் ஓடி, முதலில் தென்பட்ட காபிக் கடைக்குள் நுழைந்தார்கள். உயரமான தூண்கள். பளிங்குத் தரை. கவுண்டரில் ஆவி பறக்கும் ஒரு கோப்பை.

"ஒரு அம்மா இப்பதான் காசு கட்டினாங்க," என்றார் கடைக்காரர். "வெளிய போகல. இங்கதானே நின்னாங்க?"

ஈரக் கம்பளியின் வாடை. மிக அருகில்.

"அம்மா வந்துட்டாங்க," என்றாள் மிரெல்லா. அவள் பார்த்தது லோரெதானாவை அல்ல.

"நான்தாண்டி உன் அம்மா."

"லோரி, வா, போயிடலாம்," என்றான் ரஃபாயேலே.

"எங்க போறது? அடுத்த கடைக்கா?"

அவளுக்குப் பயத்தை விடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள், பாவம்தான். அதற்காக? அவள் மகளின் வலது கையை இறுகப் பிடித்தாள். மறு கையால் கோப்பையை எடுத்தாள். கவுண்டருக்கு உட்பக்கம் இருந்த கழுவுதொட்டியில் எட்டிக் கவிழ்த்தாள். கடைசிச் சொட்டு வரை.

"வேண்டாம். உன்னோடது எதுவும் எங்களுக்கு வேண்டாம். அவமானமா? இருக்கட்டும். உன் பொண்ண நீ வேற எங்கயாவது தேடு. இவ என் பொண்ணு."

காபி இயந்திரத்தின் சீறல் நின்றது.

மிரெல்லாவின் இடது கை மெல்ல எழுந்தது. காற்றில் நீண்டது. யாரோ இறுகப் பிடித்ததுபோல் விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கி, வெளுத்து, நசுங்கின.

இழுப்பு.

லோரெதானா கவுண்டரின் அடியில் ஓடிய பித்தளைக் கம்பியில் காலை உதைத்து ஊன்றினாள். தன் பக்கம் இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. ரஃபாயேலே ஓடி வந்து குழந்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"விட மாட்டேன்," என்றாள். "கேக்குதா? விட மாட்டேன்."

மிரெல்லாவின் கைகள் இரண்டு பக்கமும் விறைத்து நீண்டன. அவள் காலணிகள் தரையை விட்டு எழும்பின. குழந்தை அழவில்லை. அவள் முகம் அந்தப் பக்கமே திரும்பியிருந்தது.